புது பவர் சப்ளை போட்டாச்சு, வோல்ட் கணக்கு ஏன் இடிக்கிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிற்பகல் மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். தோட்டத்து வீடாக இருந்தாலும் பட்டணத்து மாடிக்கடையாக இருந்தாலும், மேசைக் கணினியில் முதல் அடி வாங்குவது, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற சின்ன வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பவர் சப்ளைதான். நாலு திருகைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை மாட்டுவது பெரிய வேலை இல்லை. மெஷின் எழுந்த பிறகு ஏதாவது ஒரு மென்பொருளை இறக்கி வோல்ட் எவ்வளவு என்று பார்ப்போமே, தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல பவர் சப்ளையைக் கெட்டது என்று கடைக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். கெட்டதை நல்லது என்று நம்பி வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

மேசைக் கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரம் சொல்லும் எல்லைகளை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை தரும் 12, 5, 3.3 வோல்ட் லைன்கள் மூன்றுக்கும் 5 சதவிகிதம் கூடவோ குறையவோ இடம் உண்டு. அதாவது 12 வோல்ட் லைன் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். மைனஸ் 12 வோல்ட் லைனுக்கு 10 சதவிகிதம் வரை இடம் உண்டு. புதியதில் 11.9 காட்டுகிறது, பழையதில் 12.1 காட்டியது என்று வருத்தப்பட ஒன்றுமே இல்லை.

எண்ணை மூன்று இடத்தில் பார்க்கலாம்: மெஷின் எழும்போதே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ், விண்டோஸில் ஓடும் மென்பொருள், கையில் பிடிக்கும் மீட்டர். இதில் பயாஸும் மென்பொருளும் தனித்தனி சாட்சிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் மதர்போர்டில் இருக்கும் ஒரே கண்காணிப்புச் சில்லைத்தான் கேட்கின்றன. மீட்டர் மட்டும்தான் வெளியாள். அதனால் எந்த எண்ணைக் கண்டு பயந்தாலும், அது எங்கே அளந்த எண், அப்போது மெஷின் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்ற இரண்டையும் கேட்காமல் பவர் சப்ளையைக் குறை சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு: குமிழை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஆம்பியரில் வைத்துவிட்டால் நேராக ஷார்ட். நாலு ஊசி மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கறுப்பு புரோபை, அதாவது மீட்டரின் கறுப்பு அளவு முனையை, கறுப்பு வயர் துளையில் வைத்து, சிவப்பு புரோபை மஞ்சளில் வைத்தால் 12 வோல்ட், சிவப்பில் வைத்தால் 5 வோல்ட். 24 ஊசிப் பெரிய கனெக்டரின் பின்புறமாகவும் அளக்கலாம். ஆனால் அங்கே மஞ்சளும் ஆரஞ்சும், அதாவது 12உம் 3.3உம், ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. கை வழுக்கினால் போர்டு போய்விடும். அவசியம் இல்லாமல் அங்கே போகாதீர்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அடிக்கும்.

12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8 காட்டுகிறது, அல்லது 14 காட்டுகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

"அண்ணே, புதுசு போட்டும் 12 வோல்ட் எட்டுன்னு காட்டுது. கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டுட்டானா?"

"மெஷின் ஓடுதா தம்பி?"

"ஓடுது."

"கேம்?"

"அதுவும் நல்லாத்தான் ஓடுது."

அப்படியானால் அந்த எட்டு பொய். உண்மையிலேயே 8 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஹார்ட் டிஸ்க் சுற்றாது, கிராபிக்ஸ் கார்டு தாங்காது, மெஷின் விண்டோஸ் வரை வந்தே இருக்காது.

பொய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கண்காணிப்புச் சில்லால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. பல சில்லுகளின் அளவு 2 வோல்ட் சொச்சத்தோடு முடிந்துவிடும். அதனால் போர்டு தயாரிப்பவர் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து 12ஐ ஒரு வோல்ட் அளவுக்குப் பிரித்து அனுப்புகிறார். சில்லு அந்த ஒரு வோல்ட்டைத்தான் சொல்லும். அதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது அந்த போர்டின் பயாஸுக்குத் தெரியும். வெளியிலிருந்து இறக்கிய மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாதபோது அது ஊகித்துப் பெருக்குகிறது. சில சமயம் சில்லின் வேறு ஏதோ ஒரு காலுக்கு 12 வோல்ட் என்று பெயர் சூட்டிவிடுகிறது. நூவோட்டன், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் சில்லுகளில் எந்தக் காலை எதற்கு இணைப்பது என்பது போர்டுக்குப் போர்டு மாறும்.

என்ன செய்வது? முதலில் பயாஸுக்குள் போய் ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 12 வோல்ட் சரியாக இருந்தால் மென்பொருள்தான் உளறுகிறது. பழைய மென்பொருளை விட்டுவிட்டு, போர்டு தயாரிப்பாளரே தரும் கருவியையோ எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதிய பதிப்பையோ போடுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு இன்னும் மோசம். சென்ஸார்ஸ் கட்டளை பல நேரம் பெயரே இல்லாமல் வெறும் எண்களைக் கொட்டும். கட்டமைப்புக் கோப்பில் பெருக்கலை நாமேதான் எழுத வேண்டும். கடைசியாக மோலெக்ஸில் மீட்டரை வையுங்கள். 12.0 பக்கத்தில் வந்தால் விஷயம் முடிந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இடி விழுந்து பவர் சப்ளை மாற்றிய மெஷினில் பயாஸிலேயே எண்கள் கன்னாபின்னா என்று இருந்து, விசிறி வேகமும் பூஜ்யம் காட்டி, மீட்டரில் மட்டும் எல்லாம் சரியாக வந்தால், அந்தச் சில்லே அடி வாங்கியிருக்கலாம். கூடவே இணைய வயர் மாட்டும் லேன் போர்ட்டும் செத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இடி தொலைபேசி வயர், மோடம் வழியாகவும் உள்ளே வரும்.

12.000, 12.096, 12.192 என்று துள்ளிக்கொண்டே இருக்கிறது

துள்ளட்டும். சில்லு 8 பிட் அளவில் எண்ணினால், அதன் மிகச் சிறிய படி 8 மில்லிவோல்ட். போர்டில் பெருக்கல் 12 என்றால் நம் கண்ணுக்குத் தெரியும் படி 96 மில்லிவோல்ட். 12.000க்கும் 12.096க்கும் நடுவே வேறு எண்ணே கிடையாது. உண்மையான வோல்ட் இரண்டுக்கும் இடையில் சும்மா நின்றாலும் திரையில் மாறி மாறி வரும். 5 வோல்ட்டில் 5.040, 5.080 என்று 40 மில்லிவோல்ட்டாகத் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான். மூன்று தசமம் காட்டுவதால் மூன்று தசமத்துக்கும் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீட்டரில் எல்லா லைனும் கூடுதலாக இருக்கிறது: 12.9, 5.4, 3.55

மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பால் நிறுக்கிற தராசு கெட்டுப்போனால் ஒருவர் பால் மட்டுமா கூடும், வரிசையில் நிற்கும் எல்லார் பாலும் கூடும். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் மலிவு மீட்டர்கள் பலவும் எண்ணைக் கூட்டித்தான் காட்டும். திரையின் மூலையில் பேட்டரிப் படம் வருகிறதா என்று பாருங்கள். மலிவு மீட்டரில் அந்தப் படம் வராமலேயே போவதும் உண்டு. உறையைப் பிரித்த புது ஏஏ அல்கலைன் பேட்டரி ஒன்றை அளந்து பாருங்கள். 1.6 சுற்றி வர வேண்டும். 1.75 வந்தால் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டு மறுபடி வாருங்கள்.

புது பேட்டரி போட்ட மீட்டரிலும் 12 வோல்ட் லைன் மட்டும் 12.6ஐத் தாண்டினால், அல்லது 5 வோல்ட் 5.25ஐத் தாண்டினால், அது பவர் சப்ளை கோளாறுதான். மெஷினை அணைத்துவிட்டு உத்தரவாதத்தில் கொடுங்கள். 'கொஞ்சம்தானே' என்று ஓட்டாதீர்கள். எஸ்எஸ்டியும் யூஎஸ்பி கருவிகளும் அந்த 5 வோல்ட்டில்தான் இருக்கின்றன.

சும்மா இருக்கும்போது 12.1, கேம் ஓடினால் 11.7

இறங்குவது இயற்கை. எங்கே அளந்தோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு இறங்கும் என்பது மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஊசி கிராபிக்ஸ் வயருக்குத் தரம் அனுமதிப்பது 150 வாட். 12ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். மூன்று மஞ்சள் வயர் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 4 ஆம்பியர் சொச்சம். சாதாரண 18 கேஜ் பருமன் செம்பு வயரில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 21 மில்லிஓம் தடை. 60 சென்டிமீட்டர் வயரில் போக 0.05, கறுப்பு வயரில் திரும்பி வர 0.05, ஆக 0.1 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. கனெக்டர் ஊசிகளின் பங்கு தனி.

அதே 12.5 ஆம்பியரை ஒற்றை மோலெக்ஸிலிருந்து மாற்றி எடுத்துக் கொடுக்கும் மலிவு அடாப்டரில் ஒரே ஒரு மஞ்சள் வயர் வழியாக இழுத்தால் என்ன ஆகும்? இழப்பு மூன்று மடங்கு. எண் இறங்குவதைவிட ஆபத்து, அந்த கனெக்டர் சூடாகி உருகுவது. பழைய பவர் சப்ளையில் 8 ஊசி இல்லை என்று அப்போது வாங்கிய அடாப்டரைப் புதியதிலும் பழக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். புதியதிலேயே நேரடி வயர் இருக்கும், அதை மாட்டுங்கள்.

சரி, எங்கே அளப்பது? கேம் ஓடும்போது முதலில் சும்மா தொங்கும் மோலெக்ஸில் அளக்கவும். அதில் மின்சாரம் ஓடாததால் பவர் சப்ளை வாயிலில் இருக்கும் வோல்ட்டுக்கு நெருக்கமான எண் கிடைக்கும். பிறகு கிராபிக்ஸ் கார்டு தரும் எண்ணை எச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். மோலெக்ஸில் 12.0, கார்டில் 11.5 என்றால் குற்றவாளி வயரோ தளர்ந்த கனெக்டரோ. கழற்றி 'டக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். மோலெக்ஸிலேயே 11.4க்குக் கீழே போனால் பவர் சப்ளைக்குச் சுமை தாங்கவில்லை. பெட்டியில் 600 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாமல், ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர்தான் போட்டிருந்தால் அது 300 வாட். இன்றைய மெஷின் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான்.

12 இறங்கும்போது 5 ஏறுகிறது

இது மலிவு வகைப் பவர் சப்ளையின் முத்திரை. அதில் 12க்கும் 5க்கும் சேர்த்து ஒரே கட்டுப்பாடு. 12இல் சுமை கூடி அது தொய்ந்தால், தூக்கிவிடப் பார்த்து 5ஐயும் சேர்த்தே தூக்கிவிடும். 12 முழுவதையும் ஒழுங்காக உண்டாக்கி, அதிலிருந்து 5, 3.3 இரண்டையும் தனியாக இறக்கும் டிசி-டிசி வகையில் இந்த ஊஞ்சல் இருக்காது. இரண்டு எண்ணும் எல்லைக்குள் இருந்தால் ஆபீஸ் வேலைக்குப் போதும். கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்கள் என்றால் அதை நம்பி இறங்காதீர்கள்.

மைனஸ் 5 வோல்ட் பூஜ்யம், விபேட் 2.4, விகோர் 0.9

இந்த மூன்றுக்கும் புது பவர் சப்ளைக்கும் சம்பந்தம் இல்லை. மைனஸ் 5 வோல்ட் லைன் ஏடிஎக்ஸ் தரத்திலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. 24 ஊசி கனெக்டரில் அந்த இடம் காலியாகவே இருக்கும். மென்பொருள் மட்டும் பழைய ஞாபகத்தில் அதைத் தேடுகிறது. விபேட் என்பது போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி. 3 வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். 2.5க்குக் கீழே என்றால், கடிகாரம் பின்னால் போக ஆரம்பிக்கும் முன் மாற்றிவிடுங்கள். விகோர் என்பது சிபியுவுக்குப் போகும் வோல்ட். அதை போர்டே 12இலிருந்து செய்துகொள்கிறது. வேலைக்குத் தக்கபடி அது ஏறி இறங்குவதுதான் சரி.

மெஷின் எழவே இல்லை, மஞ்சளில் பூஜ்யம்

மஞ்சளில் பூஜ்யம் என்றாலே பவர் சப்ளை செத்தது என்று அர்த்தம் இல்லை. அணைந்த நிலையில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் பூஜ்யமாகத்தான் இருக்கும். பின்புற சுவிட்ச் போட்டவுடன் உயிரோடு இருக்க வேண்டியது 24 ஊசி கனெக்டரில் இருக்கும் ஊதா வயரின் காத்திருப்பு 5 வோல்ட் ஒன்றுதான். ஊதாவில் 5 இல்லையா? சுவர் சுவிட்ச், பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ், பவர் வயர் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் பவர் சப்ளை போய்விட்டது.

ஊதாவில் 5 இருக்கிறதா? அதே கனெக்டரின் பச்சை வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு மெஷினின் பொத்தானை அழுத்துங்கள். பச்சை பூஜ்யத்துக்கு அருகில் இறங்கினால் போர்டு 'எழு' என்று சொல்லிவிட்டது. அப்படியும் மஞ்சள் வராவிட்டால் பவர் சப்ளை, அல்லது எங்கோ ஷார்ட் ஆகி அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. பச்சை அசையவே இல்லையென்றால் பொத்தான் வயரையும் போர்டையும் பாருங்கள். எல்லாம் வந்தும் திரை இருட்டாக இருந்தால் சாம்பல் நிற வயரில் 5 வருகிறதா என்று பார்க்கவும். அது 'வோல்ட் எல்லாம் நிலைத்துவிட்டது, ஆரம்பிக்கலாம்' என்று போர்டுக்குச் சொல்லும் சைகை. அது வராமல் போர்டு ஓடாது. அதுவும் சரியென்றால், சிபியுவுக்குத் தனியாக மாட்ட வேண்டிய 4 அல்லது 8 ஊசி வயரை மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போகும் வயர் அதுதான்.

பழைய மாடல்களில் பின்புறம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்துப் போட்டால் ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான்.

எழுந்தது, ஆனால் ஹார்ட் டிஸ்க்குகள் காணோம்

உடனே அணையுங்கள். கழற்றி மாட்டும் வயர் கொண்ட மாடுலர் வகையா? டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும், பழைய பவர் சப்ளையின் சாட்டா வயரை அப்படியே விட்டுவிட்டு புதுப் பெட்டியை மட்டும் மாற்றினீர்களா? டிஸ்க் பக்கக் கனெக்டருக்குத் தரம் உண்டு. பெட்டி பக்கத்துக்குக் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே 5 இருந்த துளையில் 12 இருக்கலாம். உருவத்தில் பொருந்தும், மாட்டினால் உள்ளே போகும், டிஸ்க்கின் 5 வோல்ட் வழியில் 12 பாயும். பிள்ளைகளின் படம், தோட்டத்துக் கோயில் கமிட்டியின் கணக்கு எல்லாம் ஒரே நொடியில். இந்தக் கோளாறில் மென்பொருள் எண்களைப் பார்த்துப் பயன் இல்லை. போர்டுக்கு வரும் 5 சரியாகத்தான் இருக்கும். டிஸ்க்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, சாட்டா வயரின் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மறுபடி மாட்டுங்கள். புதியதோடு வந்த வயரை மட்டும் பயன்படுத்துங்கள்.

எண்கள் எல்லாம் சரி, மாலையானால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது

12 வோல்ட் 12.05 என்று அசையாமல் நிற்பது சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 2008 ஜனவரி 1 முதல் மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். 216 முதல் 253 வரை வரலாம். நல்ல பவர் சப்ளை 100 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 12ஐ விடாது. ஆனால் கரண்டு ஒரு கணம் அற்றுப்போனால் அது தாங்கும் நேரம் 16, 17 மில்லிநொடி போலத்தான். அந்தக் கணத்தை எந்த மென்பொருளும் பதிவு செய்யாது, அதற்குள் மெஷின் அணைந்திருக்கும். லயத்து வீடுகளில் ஒரே எக்ஸ்டென்ஷனில் அரிசிக் குக்கர், பிரிட்ஜ், கணினி மூன்றும் தொங்கினால் முதலில் அதைப் பிரியுங்கள். கணினிக்குச் சுவர் பிளக் தனியாக இருக்கட்டும்.

கரண்டு போனால் பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ் வைத்திருந்தும் அப்படியா? பேட்டரியில் ஓடும்போது வழவழப்பான அலைக்குப் பதில் படிக்கட்டு அலை தரும் மலிவு யூபிஎஸ், ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, உள்வாங்கும் கரண்டைச் சீராக்கும் சுற்று கொண்ட புதுப் பவர் சப்ளை சிலவற்றோடு ஒத்துப்போகாது. பழையதோடு ஒழுங்காக இருந்த யூபிஎஸ் புதியதோடு மட்டும் காலை வாரும் காரணம் இது. அந்த யூபிஎஸ் வெளியீட்டை மலிவு மீட்டரில் அளந்தால் 230க்குப் பதில் நன்றாகக் குறைத்துக் காட்டும். அந்த அலைவடிவத்தை அந்த மீட்டரால் சரியாகக் கணக்கிட முடியாது. யூபிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட அந்த எண் போதாது.

கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்கிறது, மீட்டரில் 110 வோல்ட்

கேட்கவே பகீர் என்றிருக்கும். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட, இரண்டு மின் வயர்களிலிருந்தும் கணினியின் வெளிக்கூடான கேசிங்குக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போயிருக்கும். எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அதில் கசிவது பூமிக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேசிங் 230க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், 115 பக்கம், மிதக்கும். மலிவு மீட்டரில் இன்னும் குறைத்தும் காட்டலாம். ஓடும் கரண்டு சாதாரணமாக ஒரு மில்லி ஆம்பியருக்குள்தான். அதனால்தான் சுர்ரென்பதோடு நிற்கிறது. பவர் சப்ளைக்குள் வேறு ஏதாவது கெட்டு உயிர் வயர் கேசிங்கில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸும் போகாது, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபியும் யாராவது தொடும்வரை விழாது.

பழைய பவர் சப்ளையில் இப்படி இல்லையே என்பார்கள். சிலவற்றில் அந்த வடிகட்டியையே போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள், அதனால் சுர்ரென்றிருக்காது. புதியது நல்லதாக இருப்பதால்தான் வீட்டின் எர்த் கோளாறு வெளியே வந்திருக்கிறது. எர்த் ஊசி உடைந்த பிளக், இரண்டு வயர் மட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் இரண்டையும் முதலில் மாற்றிப் பாருங்கள். வேறு அறையின் பிளக்கில் போட்டால் சுர் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். எந்தப் பிளக்கில் போட்டாலும் சுர்ரென்றால் வீட்டு வயரிங்கில்தான் கோளாறு. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். தோட்டத்து வீடு என்றால் முதலில் தோட்ட ஆபீஸில் சொல்லி எழுதிக் கொடுங்கள், அங்கே வயரிங் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆள் வந்து எர்த்தைச் சரிபார்க்கும்வரை மெஷினின் பிளக் கழற்றியே இருக்கட்டும்.